உவகையும் நகராக்கமும்: ‘சீசர் 3’ கணினி விளையாட்டு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பண்டைய உரோமப் பேரரசைக் களமாகக் கொண்டு 1998-இல் வெளிவந்த ‘சீசர் 3’ என்னும் நகராக்கக் கணினி விளையாட்டு, கால் நூற்றாண்டுக்குப் பின்னரும் தன் ஆட்டக்காரர்களை இழக்கவில்லை. அதை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்ட பின்னும் ஆட்டக்காரர்களே அதைப் பேணி வருகின்றனர். இந்நீடித்த இன்பத்தின் காரணங்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சுட்டும் ‘உவகை’ என்னும் கருத்தாக்கத்தின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வின்பம் எவற்றைப் பார்வையிலிருந்து விலக்கி வைக்கிறது என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்தின் நீர்ப்பாசன வரலாற்றையும் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாவலையும் அருகில் வைத்து மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: நகராக்க விளையாட்டு, சீசர் 3, மெய்ப்பாடு, உவகை, பெருமிதம், நாஞ்சில் நாடு, நீர்மேலாண்மை, புளியமரத்தின் கதை.

முன்னுரை

கணினி விளையாட்டைத் தமிழாய்வு பெரும்பாலும் உளவியல் சிக்கலாகவோ மாணவர் ஒழுக்கச் சிக்கலாகவோ மட்டுமே அணுகியுள்ளது. அதனை ஒரு பனுவலாகக் கொண்டு, அதன் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்து, அது தரும் சுவை எத்தகையது என வினவும் போக்கு நம்மிடையே அரிது. விளையாட்டு என்பது தமிழ் இலக்கணத்துக்குப் புறம்பான பொருளன்று. மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் நிலைக்களன்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கைத் தொல்காப்பியர் எண்ணுகிறார். எனவே விளையாட்டினால் பிறக்கும் உவகையை ஆராய்வதற்குரிய இடம் நம் இலக்கண மரபிலேயே உண்டு.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பனுவல் ‘சீசர் 3’. இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் நிறுவனம் உருவாக்க, சியாரா நிறுவனம் வெளியிட்ட இவ்விளையாட்டு, அதே வரிசையில் முன்னர் வந்த ‘சீசர்’, ‘சீசர் 2’ ஆகியவற்றின் தொடர்ச்சி. இதன் அடிப்படை அமைப்பைக் கொண்டே எகிப்தைக் களமாக்கிய ‘ஃபாரோ’ (1999), கிரேக்கத்தைக் களமாக்கிய ‘ஜியஸ்’ (2000), சீனத்தைக் களமாக்கிய ‘எம்பரர்’ (2002) ஆகியன தோன்றின. 2004-இல் இம்ப்ரெஷன்ஸ் மூடப்பட்டது. எனினும் விளையாட்டு மறையவில்லை. அது ஏன் மறையவில்லை என்பது முதல் வினா. அந்த இன்பத்தை ஒரு திறனாய்வாளர் எவ்வாறு மதிப்பிடுவது என்பது இரண்டாம் வினா. கட்டுரையாளரின் சொந்த ஆட்டமும் விளையாட்டின் விதிகளும் இவ்வாய்வுக்குரிய முதன்மைத் தரவுகள்.

1. விளையாட்டின் அமைப்பு

ஆட்டக்காரர் உரோமப் பேரரசின் ஒரு மாகாணத்துக்கு ஆளுநராக அனுப்பப்படுகிறார். அவர்முன் ஆறும் பாறையும் மரங்களும் கொண்ட நிலம் சாய்வுக் கோணத்தில் விரிகிறது. அவர் பாதை அமைத்து, அதன் ஓரத்தில் குடியிருப்புக்கு இடம் ஒதுக்கினால் குடிபெயர்வோர் வண்டி தள்ளி வந்து கூடாரம் அடிப்பர். நீர், உணவு, கோயில், கல்வி, கேளிக்கை, மட்பாண்டம், எண்ணெய், அறைகலன், திராட்சை மது எனத் தேவைகள் ஒவ்வொன்றாக நிறைவேற, கூடாரம் குடிசையாகும்; குடிசை அடுக்குமாடி வீடாகும்; அது மாளிகையாகவும் அரண்மனையாகவும் வளரும். இவ்வளர்ச்சி இருபது படிநிலைகளைக் கொண்டது. தேவை ஒன்று தவறினால் வீடு முந்தைய படிக்குச் சரியும்.

செரெஸ், நெப்டியூன், மெர்க்குரி, மார்ஸ், வீனஸ் ஆகிய ஐந்து தெய்வங்களைப் பேண வேண்டும். புறக்கணிக்கப்பட்ட தெய்வம் சினந்து தண்டிக்கும். பண்பாடு, வளம், அமைதி, பேரரசரின் நல்லெண்ணம் என நான்கு அளவுகோல்களால் நகரம் மதிப்பிடப்படுகிறது. இலக்கை எட்டினால் ஆளுநர் பதவி உயர்ந்து அடுத்த மாகாணத்துக்குச் செல்வார். இறுதியில் அவரே பேரரசராவார்.

இவ்வமைப்பைத் திணைக் கோட்பாட்டின்வழி விளக்கலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனின், விளையாட்டு தரும் மாகாண நிலமும் ஓடும் ஆண்டுகளும் முதற்பொருளின் இடத்தில் நிற்கின்றன. தெய்வம், உணவு, மரம், தொழில் ஆகிய கருப்பொருள்களும் முறையாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஒரு மாகாணத்தில் கோதுமை விளையும், மற்றொன்றில் விளையாது. ஒன்றில் இரும்பும் மற்றொன்றில் பளிங்கும் கிடைக்கும். ஆயின் உரிப்பொருள் இங்கு எழுதப்படவில்லை. கதைத் தலைவனும் இல்லை, தலைவியும் இல்லை, பிரிவும் இல்லை. முதலும் கருவும் நிரம்பிய இக்களத்துக்கு உரிப்பொருளை வழங்குபவர் ஆட்டக்காரரே. ஒருவர் அதைப் பொறுப்பாகவும் மற்றொருவர் ஒழுங்கின் மீதான வேட்கையாகவும் வேறொருவர் தனிமைக்குரிய துணையாகவும் உணரலாம். ஒரே களத்துக்கு வாழ்வின் வெவ்வேறு பருவங்களில் ஒருவர் திரும்பி வருவதற்கு இவ்வெற்றிடமே முதற்காரணம்.

2. நடமாடுவோரும் கண்ணறி காரணகாரியமும்

இவ்விளையாட்டின் தனித்தன்மை, நகர வாழ்வின் ஒவ்வொரு பணியையும் தெருவில் நடக்கும் ஓர் ஆளாகக் காட்டுவதில் உள்ளது. காவல் நிலையத்திலிருந்து ஒருவர் புறப்பட்டுத் தெருவழி நடந்தால் அவர் கடந்த வீடுகளுக்குத் தீயிலிருந்தும் குற்றத்திலிருந்தும் காப்பு. பொறியாளர் நடந்த தெருவில் கட்டடங்கள் இடிந்து விழா. சந்தைப் பெண் களஞ்சியத்துக்குச் சென்று திரும்பும்போது, கூடை சுமந்த சிறுவர்கள் அவள் பின்னே வரிசையாக வருவர். நடமாடுவோரைச் சொடுக்கினால் வேலையின்மையைப் பற்றியோ உணவுப் பற்றாக்குறையைப் பற்றியோ தெய்வத்தின் சினத்தைப் பற்றியோ அவர்கள் ஒரு வார்த்தை சொல்வர்.

இதன் விளைவு முக்கியமானது. ஒரு தெரு ஏன் எரிந்தது என்பதை அறிய அட்டவணை தேவையில்லை. காவலர் சந்திப்பில் வலப்புறம் திரும்புவதற்குப் பதில் இடப்புறம் திரும்பினார் என்பதைக் கண்ணால் காணலாம். காரணமும் காரியமும் ஒரே திரையில், ஒரே நடையில் தெரிகின்றன. பின்னர் வந்த நகராக்க விளையாட்டுகள் பல, பரப்பிலும் ஓவியத்திலும் இதனை விஞ்சின. எனினும் நகரம் பெரிதாகும்போது மனிதர் புள்ளிகளாகிப் புள்ளிவிவரத்தில் கரைந்துவிடுவது அவற்றில் வழக்கம்.

நகரத்தை அதன் தெருவில் இயங்குவோர் வழியாக அறியும் முறை தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகாரின் மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் கட்டடங்களின் பட்டியலாக மட்டும் வரவில்லை. தொழில் செய்வோரின் வரிசையாக வருகின்றன. மதுரைக்காஞ்சி பகலிலும் இரவிலும் தெருவில் நடமாடுவோரைக் கொண்டே மதுரையை எழுப்பிக் காட்டுகிறது. பெருங்காப்பியத்தின் உறுப்புகளுள் ஒன்றாக நகர் வருணனையைத் தண்டியலங்காரம் வைத்ததும் நினையத்தக்கது. காப்பியத்தில் கேட்போர் அந்நகரத்தைக் கடந்து செல்கின்றனர். இவ்விளையாட்டில் ஆட்டக்காரர் அவ்வருணனையைத் தாமே இயற்றி, அது வாடாமல் காக்கவும் செய்கிறார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

3. யாப்பும் வரம்பும்

நடமாடுவோர் சந்திப்புகளில் எத்திசையில் திரும்புவர் என்பதை ஆட்டக்காரர் ஆணையிட முடியாது. தொடக்கநிலை ஆட்டக்காரர்க்கு இது குறையாகவே தோன்றும். ஆயின் நீண்டகால ரசிகர்களின் ஆட்டக்கலை முழுவதும் இக்கட்டுப்பாட்டிலிருந்தே பிறந்துள்ளது. சந்திப்புகளைக் குறைத்து வளையத் தெருக்களை அமைத்தல், வீட்டுத் தொகுதியின் உள்ளே பணிநிலையங்களை எந்த வரிசையில் வைத்தல், கிளைத்தெரு எத்தனை கட்டம் நீளலாம் எனக் கணித்தல் முதலியன காலப்போக்கில் வாய்பாடுகளாயின. ஒரு தொகுதி வாய்பாட்டைக் கற்றவர் அதை வேறு நிலத்தில், ஆற்றின் வளைவுக்கேற்ப மாற்றி அமைக்கிறார்.

இதனை யாப்போடு ஒப்பிடுவது பொருந்தும். சீரும் தளையும் புலவரைக் கட்டுப்படுத்தினாலும் அக்கட்டுக்குள்தான் வெண்பாவின் நயம் பிறக்கிறது. தளை தட்டாமல் பொருளும் சிதையாமல் எழுதும் வல்லமையைத் தேர்ந்த வாசகர் உடனே அறிவார். அதுபோலவே ஒரு நகரத்தின் படத்தைக் கண்டதும், அதைக் கட்டியவர் விதிகளை எவ்வளவு உள்வாங்கியுள்ளார் என்பதைத் தேர்ந்த ஆட்டக்காரர் அறிவார். அடுத்து வந்த ‘ஃபாரோ’வில் பாதைத் தடுப்பு அறிமுகமாகி நடமாடுவோரை நெறிப்படுத்தும் வசதி வந்தது. அவ்வசதி வந்த பிறகும் பழைய விளையாட்டின் வரம்புகளுக்குள் ஆடுவதையே விரும்புவோர் உள்ளனர். புதுக்கவிதை வந்த பிறகும் மரபுக்கவிதை எழுதுவோர் இருப்பதைப் போன்றதே இது. இதை வெறும் பழமை ஏக்கம் என்று ஒதுக்கிவிட இயலாது. வரம்பை வடிவமாக மாற்றும் திறன் தரும் இன்பம் அது.

4. பெருமிதமும் உவகையும்

எல்லா மாகாணங்களையும் வென்று பேரரசரான பின்னரும் ஆட்டக்காரர் ஏன் மீண்டும் முதல் கூடாரத்திலிருந்து தொடங்குகிறார்? மெய்ப்பாட்டியல் பெருமிதத்தையும் உவகையையும் தனித்தனியே வகுத்திருப்பது இதற்கு விடை தேட உதவுகிறது. கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியவற்றால் பெருமிதம் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். விளையாட்டின் பதவி உயர்வும் அளவுகோல்களும் பேரரசரின் பாராட்டும் பெருமிதத்தின் பாற்பட்டவை. இலக்கு எட்டப்பட்டதும் பெருமிதம் நிறைவடைகிறது. விளையாட்டினால் பிறக்கும் உவகைக்கு அத்தகைய முடிவெல்லை இல்லை.

விளையாட்டை வடிவமைத்தோரும் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே வைத்துள்ளனர். பதவி உயர்வுக்கான ஆட்டம் ஒருபுறம் இருக்க, இலக்குகளின் நெருக்கடி இன்றி நகர் கட்டும் ஆட்டம் மறுபுறம் உண்டு. வெற்றி அறிவிக்கப்பட்ட பின்னும் அதே நகரத்தை மேலும் சில ஆண்டுகள் ஆளும் வாய்ப்பும் தரப்படுகிறது. ரசிகர்களின் நீடித்த ஈடுபாடு, பெருமிதம் முடிந்த இடத்தில் தொடங்கும் உவகையைச் சார்ந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

5. பதிப்பும் திருத்தமும்

நிறுவனம் மறைந்த பின் விளையாட்டு வாழ்வதற்கு ரசிகர்களின் பணி காரணம். அவர்கள் ‘சீசர் 3’-இன் இயங்குநிரலைத் திறந்த மூலமாக மறுபடி எழுதியுள்ளனர். அவ்வகையில் இரண்டு ஆக்கங்கள் குறிப்பிடத்தக்கவை. ‘ஜூலியஸ்’ என்னும் ஆக்கம் மூலவிளையாட்டின் விதிகளை மாற்றாமல், பழைய சேமிப்புக் கோப்புகளும் இயங்கும்படி, இன்றைய கணினிகளில் அதை ஓடச் செய்கிறது. அதிலிருந்து கிளைத்த ‘அகஸ்டஸ்’ என்னும் ஆக்கம் பாதைத் தடுப்பு முதலிய புதிய கூறுகளைச் சேர்த்து விளையாட்டையே விரிக்கிறது. இரண்டுக்கும் மூலவிளையாட்டின் கோப்புகள் தேவை.

பதிப்பியல் பயின்ற தமிழாய்வாளர் இதில் ஓர் அறிந்த சிக்கலைக் காண்பர். ஏட்டில் உள்ள பாடத்தை அவ்வாறே காப்பதா, திருத்துவதா? பிழை எனத் தோன்றுவது பிழைதானா, ஆக்கியோன் வழக்கா? ‘ஜூலியஸ்’ மூலபாடத்தைப் பேணும் பதிப்பு. ‘அகஸ்டஸ்’ காலத்துக்கேற்ற மறுவாக்கம். அவ்விரண்டையும் வேறு வேறு பெயரில் வைத்திருப்பது ரசிகர்களின் பதிப்பு நேர்மைக்குச் சான்று. இடைச்செருகல் எது, மூலம் எது என்ற ஐயம் பிற்காலத்தார்க்கு எழாது. வணிக நிறுவனம் கைவிட்ட பனுவலை வாசகர்கள் இத்தகைய ஒழுங்கோடு காத்தனர் என்பதால், அவர்தம் ஈடுபாட்டைப் பொழுதுபோக்கு என்ற சொல்லால் மட்டும் குறிக்க இயலாது.

6. வற்றாத தேக்கமும் கடைமடையும்

இதுவரை கண்டவை இன்பத்தின் காரணங்கள். இனி அது விலக்கி வைப்பவற்றைக் காண வேண்டும். உவகையைக் குறிக்கும் இடத்தில் அது துன்பம் நீங்கியது என்னும் அடையையும் தொல்காப்பியர் சேர்க்கிறார். அந்த அடை ஒரு மதிப்பீட்டு அளவுகோலாகவும் பயன்படும். இந்நகரத்தின் உவகை யாருடைய துன்பத்தையும் உட்கொள்ளாததா?

நீரிலிருந்து தொடங்கலாம். ‘சீசர் 3’-இல் ஆற்றோரத்தில் ஒரு நீர்த்தேக்கம் கட்டி, தூண்களின்மீது செல்லும் கால்வாயால் அதை மற்றொரு தேக்கத்தோடு இணைத்தால், அதன் சுற்றுவட்டத்தில் நீரூற்றுகள் இயங்கும். தேக்கம் ஒருபோதும் வற்றாது. கோடையும் இல்லை, மழைக்காலமும் இல்லை. எத்தனை கிளை பிரித்தாலும் நீரின் அளவு குறையாது. ஆகவே இவ்விளையாட்டில் நீர் ஓர் அமைப்புச் சிக்கலே. பங்கீட்டுச் சிக்கல் அன்று.

கன்னியாகுமரி மாவட்டத்தின் நிலை இதற்கு எதிரானது. இங்கும் தூண்களின்மீது செல்லும் கால்வாய் உண்டு. பறளியாற்றைக் கடந்து இரு குன்றுகளுக்கிடையே நீரைக் கொண்டு செல்ல 1966-இல் கட்டப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலம் ஏறத்தாழ 115 அடி உயரமுடையது. உரோமக் கால்வாய்களின் படங்களைக் கண்டவர்க்கு அதன் தூண்வரிசை உடனே அவற்றை நினைவூட்டும். கோதையாற்றின் குறுக்கே 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையும், பெருஞ்சாணி அணையும், பாண்டியன் கால் முதலிய பழைய கால்வாய்களும், அவற்றோடு இணைந்த எண்ணற்ற குளங்களும் சேர்ந்ததே இங்குள்ள பாசன அமைப்பு. ஆயின் கன்னிப்பூவும் கும்பப்பூவும் நீர் திறக்கும் நாளைச் சார்ந்தவை. அணை எந்நாள் திறக்கும், எக்கால்வாயில் எத்தனை நாள் நீர் ஓடும், கடைமடைக்கு நீர் எட்டுமா என்பன இம்மாவட்ட உழவர்க்கு ஆண்டுதோறும் எழும் வினாக்கள். தலைமடையில் ஒருவர் மடையைத் திறந்தால் கடைமடையில் மற்றொருவரின் பயிர் வாடும். நீர் இங்கு உறவு, உரிமை, வழக்கு ஆகிய மூன்றும் ஆகும்.

உரோமும் உண்மையில் இப்படித்தான் இருந்தது. கி.பி. 97-இல் உரோம நகரின் நீர்வழங்கல் பொறுப்பை ஏற்ற ஃபிரான்டினஸ், தாம் எழுதிய நூலில் நீர்த்திருட்டைப் பற்றி விரிவாக முறையிடுகிறார். கால்வாய்களைப் பராமரிக்க அரசுக்குரிய 240 அடிமைகளும் பேரரசருக்குரிய 460 அடிமைகளும் இருந்தனர் என்றும் அவர் கணக்குத் தருகிறார். விளையாட்டின் கால்வாய்க்கு ஓர் ஆளும் தேவையில்லை. எழுநூறு பேரின் உழைப்பு அங்கு ஒரு சொடுக்கில் அடங்கிவிடுகிறது. பின்வந்த ‘ஃபாரோ’வில் நைல் நதியின் ஆண்டு வெள்ளம் உழவைத் தீர்மானிப்பதாக அமைந்தது. நீரின் பருவநிலையை விளையாட்டாக்க முடியும் என்பதற்கு அதே வரிசையிலுள்ள சான்று அது. எனவே ‘சீசர் 3’-இன் வற்றாத தேக்கத்தைத் தொழில்நுட்பத்தின் எல்லை என்று கொள்ள இயலாது. இன்பத்தின் தேவைக்காகச் செய்யப்பட்ட தேர்வு அது.

7. வெற்று நிலமும் புளியமரமும்

விளையாட்டில் நிலத்தைத் துப்புரவு செய்யும் கருவி ஒன்று உண்டு. மரங்கள்மீது அதை இழுத்தால் சிறு தொகை கழிந்து நிலம் வெளியாகும். மரத்துக்குப் பெயரில்லை, அதைப் பற்றிச் சொல்ல எவரும் இல்லை. நகரத்துக்கு முன் அங்கு வரலாறு ஏதுமில்லை என்பதே விளையாட்டின் தொடக்க விதி.

நாகர்கோவிலின் நினைவுகளிலிருந்து எழுந்த சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966) இவ்விதியை மறுக்கும் நகராக்க நாவல். குளத்தின் நடுவே நின்ற புளியமரம், மன்னரின் வருகையையொட்டிக் குளம் தூர்க்கப்பட்ட பின் நாற்சந்தியின் நடுவே நிற்க நேர்கிறது. காற்றாடிமரத் தோப்பு அழிந்து பூங்கா வருகிறது. கடைகளும் நகராட்சித் தேர்தலும் மரத்தைச் சூழ்கின்றன. இறுதியில் மரம் கொல்லப்படுகிறது. விளையாட்டில் நொடியில் முடியும் ‘துப்புரவு’ இங்கு ஒரு முழு நாவலின் துயரமாக விரிகிறது. மேலும் தாமோதர ஆசானின் கதைகள் வழியே அவ்விடத்தின் முன்வரலாறு இளையோர்க்குக் கைமாறுகிறது. விளையாட்டில் மாகாணம் மாறும்போது பழைய நகரம் மறக்கப்படுகிறது. நாவலிலோ இடம் மாறுவதில்லை; அதன் பொருள் மட்டுமே மாறிக்கொண்டிருக்கிறது.

இந்த ஒப்பீடு இன்று நாஞ்சில் நாட்டில் வாழ்வோர்க்கு ஏட்டளவிலானதன்று. வயல்கள் மனைகளாகப் பிரிக்கப்படுவதையும் குளங்கள் சுருங்குவதையும் இம்மாவட்டம் பல பத்தாண்டுகளாகக் கண்டு வருகிறது. வயல்மீது எல்லைக்கற்கள் கட்டம் கட்டமாக நடப்படும்போது, நிலத்தை வெற்றுக் கட்டங்களாகக் காணும் பார்வையே அங்கும் செயற்படுகிறது. விளையாட்டு அப்பார்வையை உண்டாக்கியது என்று கூறுவது மிகையாகும். அது அப்பார்வையை இன்பமாக்கிக் காட்டுகிறது என்று மட்டும் கூறலாம். அதைக் கவனிப்பது திறனாய்வின் கடமை.

8. நகரத்தில் இல்லாதோர்

விளையாட்டின் நகரத்தில் அடிமைகள் இல்லை. தொழிலாளர் அனைவரும் ஊதியம் பெறுவோர். ஊதியத்தின் அளவை ஆளுநர் கூட்டலாம், குறைக்கலாம். உரோமப் பொருளியலின் அடித்தளமாக இருந்த அடிமை உழைப்பு இவ்வாறு நீக்கப்பட்டதால்தான் ஆட்டக்காரரின் உவகை உறுத்தலின்றி நிகழ்கிறது.

பூர்வகுடியினர் சில மாகாணங்களில் மட்டும் தோன்றுவர். அவர்கள் நிலத்தில் ஆட்டக்காரர் கட்டினால் தாக்குவர். அவர்களிடையே ஒரு தூதுநிலையம் கட்டினால் அமைதியடைவர். அவர்களுக்கு வேறு தெரிவு இல்லை. காலனியத்தின் நீண்ட வரலாற்றை அறிந்த வாசகர்க்கு, அத்தூதுநிலையத்தின் எளிமை வியப்பையும் அமைதியின்மையையும் ஒருங்கே தரும்.

வணிகத்திலும் ஓர் இன்மை உண்டு. கோதுமை, ஒலிவம், மது, எண்ணெய், இரும்பு, பளிங்கு எனப் பண்டங்கள் பல இருந்தும் மிளகு இல்லை. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ஈர்த்துக்கொள்கிறது என்று பிளினி வருந்தினார். ‘எரித்ரேயக் கடற்பயணக் கையேடு’ குமரியைக் குறிக்கிறது. முல்லைப்பாட்டு யவனரைப் பாசறைக் காவலராகக் காட்டுகிறது. தமிழ் வாசகர்க்கு உரோம் என்பது முதலில் மிளகும் பொன்னும் மரக்கலமும் ஆகும். இவ்விளையாட்டின் உரோம் மத்தியதரைக் கடலோடு முடிந்துவிடுகிறது. அதன் வளம் தன்னிலிருந்தே பிறந்தது போன்ற தோற்றம் இதனால் உண்டாகிறது.

ஆயினும் இவ்விளையாட்டைக் குருட்டுப் புகழ்ச்சி என ஒதுக்கிவிடவும் முடியாது. அதன் விதிகளுள் கூர்மையான ஓர் உண்மை பொதிந்துள்ளது. வீடுகள் மாளிகையாக உயர்ந்ததும் அவற்றில் வாழ்வோர் உழைப்பை நிறுத்திவிடுகின்றனர். அவர்கள் தரும் வரி மிகுதி. ஆயின் பண்ணைக்கும் பட்டறைக்கும் ஆள் குறைகிறது. ஆட்டக்காரர் தம் நகரத்தை அழகுபடுத்த அழகுபடுத்த, அந்த அழகைத் தாங்கக் கூடாரவாசிகளும் குடிசைவாசிகளும் மேலும் தேவைப்படுகின்றனர். தேர்ந்த ஆட்டக்காரர்கள் உழைப்போரின் தொகுதியை வேண்டுமென்றே உயராமல் தடுத்து வைப்பதுண்டு. சந்தை இல்லாமல் வீடு உயராது. ஆயின் சந்தை மிக அருகில் இருந்தாலும் வீடு உயராது. உழைப்பு வேண்டும், அதன் ஓசையும் மணமும் வேண்டாம் என்னும் செல்வர் மனநிலையை எந்தச் சொற்பொழிவும் இன்றி விதியாகவே அது வைத்திருக்கிறது. அழகிய மாளிகைத் தெருவைக் கட்டி முடித்தவர், அதற்காக எந்தத் தெருவைக் குடிசையாகவே நிறுத்தினோம் என்பதைத் தம் கையாலேயே அறிவார். துன்பம் நீங்கிய உவகை என்னும் அளவுகோலுக்கு முன் விளையாட்டு தானே சாட்சியாக நிற்கும் இடம் இதுவே.

முடிவுரை

‘சீசர் 3’ தரும் இன்பம் நீடிப்பதற்கு இக்கட்டுரை நான்கு காரணங்களைக் கண்டது. உரிப்பொருளை ஆட்டக்காரரிடமே விட்டுவிடும் களஅமைப்பு, நடமாடுவோர் வழியே கண்ணுக்குப் புலனாகும் காரணகாரியம், வரம்பை வடிவமாக்கும் யாப்பொத்த விதிகள், பனுவலைப் பதிப்பு நேர்மையோடு பேணும் ரசிகர் குழாம் ஆகியன அவை. பெருமிதம் முடிந்தபின் எஞ்சும் உவகையே ஆட்டக்காரரைத் திரும்ப அழைக்கிறது.

அவ்வுவகை முழுமையாகத் துன்பம் நீங்கியதன்று. பங்கீட்டுச் சண்டை இல்லாத நீர், முன்வரலாறு இல்லாத நிலம், அடிமை இல்லாத பேரரசு என மூன்று நீக்கங்களின்மீது அது எழுந்துள்ளது. கடைமடையையும் புளியமரத்தையும் அறிந்த வாசகர், இந்நீக்கங்களை எளிதில் இனங்காணும் இடத்தில் நிற்கிறார். அதனால் அவர் விளையாட்டை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. காப்பியத்தின் நகர் வருணனையில் சொல்லப்படாதோரைப் பற்றி வினவிக்கொண்டே நாம் காப்பியத்தைச் சுவைக்கிறோம். அதே பயிற்சி இப்பனுவலுக்கும் பொருந்தும்.

இவ்வகை ஆய்வு தமிழ்த்துறைகளில் தொடர்வதற்குரிய தேவை உண்டு. நகரங்களை வடிவமைக்கும், நிலங்களை வகைப்படுத்தும் மென்பொருள்கள் இன்று திட்டமிடுவோரின் மேசைகளில் உள்ளன. அவற்றின் திரையும் கட்டங்களாகவே நிலத்தைக் காட்டுகின்றது. அத்திரையில் கடைமடை எங்கே உள்ளது என்று கேட்கத் தெரிந்த தலைமுறை ஒன்று வேண்டும். விளையாட்டைக் கூர்ந்து வாசிப்பதன் வழியாகவும் அக்கேள்வியைப் பயிற்றலாம்.